மூன்றாவது விசில்

முதலில் மழைச் சத்தம், தகரக் கூரையில் விழும் மழை. அதற்குள்ளிருந்து பேஸ் கிதாரின் எட்டு சுரங்கள் மெல்ல எழும்புகின்றன. ஆறாவதில் தடுமாறி நிற்கின்றன. மறுபடி முதலிலிருந்து. ஒரு குக்கர் விசில். இன்னொன்று. "மக்களே, மூணாவது வந்தா அடுப்ப அணச்சிரு" என்று எங்கிருந்தோ ஒரு அம்மாவின் குரல். மூன்றாவது விசில் அடிக்கும்போது எட்டு சுரங்களும் பிசகாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அடுப்பை அணைக்க யாரும் எழுந்து போகவில்லை. நான்காவது விசிலும் கேட்கிறது. மொத்தம் ஐம்பத்திரண்டு விநாடி. 2016 ஜூலை, இரவு 8.14 என்று கைபேசி தானாகவே நேரம் குறித்து வைத்திருந்தது.

திருவனந்தபுரம் வஞ்சியூர் நீதிமன்றத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வக்கீலாக இருக்கிறேன். நிலம், வழித்தடம், வாடகை, பாகப்பிரிவினை, இவைதான் என் அன்றாடம். பட்டாவையும் பத்திரத்தையும் வைத்து ஒன்று யாருடையது என்று சொல்லிப் பழகியவன். அந்த ஐம்பத்திரண்டு விநாடியை வைத்துக்கொண்டு ஒரு பாட்டு யாருடையது என்று சொல்ல வேண்டிவந்த வழக்கு இது. கட்சிக்காரர்களின் பெயரும் இசைக்குழுவின் பெயரும் எழுதமாட்டேன். சமரசம் ஆனபோது அப்படித்தான் வாக்குக் கொடுத்தேன்.

2018 டிசம்பரில் என் அறைக்கு முதலில் வந்தவர் பையனின் அப்பா. நாகர்கோவில் பக்கத்துக்காரர், சாலைக் கடைத்தெருவில் வெற்றிலை, பாக்கு மொத்த வியாபாரம். அவருடைய கடை வாடகை வழக்கை நான்தான் நடத்தியிருந்தேன்.

"சார், பய ஒரு சோலியும் பாக்க மாட்டான். பொழுதனைக்கும் அந்தத் தடிக் கம்பியத் தட்டிக்கிட்டுக் கெடப்பான். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. ஆனா ஒருத்தன் உண்டாக்குனத இன்னொருத்தன் பேருல எழுதுனா அது களவுதானே?"

"அண்ணாச்சி, பையன வரச் சொல்லுங்க. அவன்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். பேஸ் வாசிக்கும் பையனுக்கு அப்போதுதான் பத்தொன்பது முடிந்திருந்தது. கிதார் வாசிப்பவனும் டிரம்ஸ் வாசிக்கும் பெண்ணும் பொறியியல் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். நான்காமவன், பாடகன், வரவில்லை. அவன் எதிர்க்கட்சி.

கதை எளியது. கரமனையில் கிதார்க்காரன் வீட்டுக் கார் ஷெட்டில் தொடங்கிய குழு அது. முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஆணியடித்து ஒட்டியிருந்தார்கள், சத்தம் வெளியே போகாதிருக்க. ஆனாலும் போகும், பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டு மணிக்குச் சுவரைத் தட்டுவார். பாடகனும் கிதார்க்காரனும் டிரம்ஸ் பெண்ணும் ஒரே கல்லூரி. பேஸ் பையன் எதிர்வீட்டு வாடகைக்காரர் மகன், பிளஸ் ஒன் மாணவன். கேட்டுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தவனை ஒருநாள் உள்ளே கூப்பிட்டுக் கையில் பேஸைக் கொடுத்தார்கள்.

இந்த ஊரில் இப்படித் தொடங்குகிறவர்களுக்கெல்லாம் ஒரு முன்னோடி உண்டு. 2003இல் திருவனந்தபுரத்தில் உருவான 'அவியல்' குழு. டோனி ஜானும் ரெக்ஸ் விஜயனும் அதில் முக்கியமானவர்கள். அதுவரை கேரளத்துக் கல்லூரி மேடைகளில் ராக் என்றால் பெரும்பாலும் ஆங்கிலம். வெளிநாட்டுப் பாட்டை அச்சு அசலாக வாசித்துக் காட்டுகிறவனுக்குத்தான் கைதட்டல். அவியல் மலையாளத்தில் பாடியது, நாட்டுப்புறச் சொல்லையும் தாளத்தையும் மின்கிதாருக்குள் கொண்டுவந்தது. குழுவின் பெயரிலேயே வெளிவந்த அவர்களுடைய ஆல்பம் 2008இல்தான் வந்தது. ஐந்து வருஷம்! அந்த ஐந்து வருஷக் காத்திருப்பைப் பற்றி இந்தப் பிள்ளைகள் மூவரும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசியபோது, எங்கள் தலைமுறை ஒரு பெரிய வித்வானின் குருகுல வாசத்தைப் பற்றிப் பேசும்போது குரலில் வரும் அதே மரியாதை இருந்தது. நான் அன்று இரவு அந்த ஆல்பத்தைக் கேட்டேன். வழக்குக்காகக் கேட்கத் தொடங்கி, வழக்கை மறந்து கேட்டேன்.

2013இல் கப்பா டிவியில் 'மியூசிக் மோஜோ' வந்த பிறகு நிலைமை மாறியிருந்தது. தைக்கூடம் பிரிட்ஜ் போன்ற குழுக்கள் அதன் வழியாக வீட்டுக்கு வீடு தெரிந்தன. சொந்தப் பாட்டு, ஒரிஜினல் என்று இவர்கள் சொல்வது, இருந்தால் எங்காவது ஒரு வாசல் திறக்கும் என்ற நம்பிக்கை எல்லாக் கார் ஷெட்டுகளுக்கும் வந்துவிட்டது. இவர்களும் ஒரு ஒரிஜினல் செய்தார்கள். கல்லூரி விழாக்களில் அதை வாசித்தார்கள். பரிசுப் பணத்தில் ஒரு ஆம்ப் வாங்கினார்கள். மிச்சத்தை நான்காகப் பிரித்துக்கொண்டார்கள். "எல்லாம் நாலு பங்கு" என்று பாடகனே வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தான், ஒரு இதயக் குறியோடு.

2017 மே மாதம் கொச்சியிலிருந்து ஒரு இசை விநியோக நிறுவனம் மூன்று பக்க ஒப்பந்தம் அனுப்பியது. நால்வரும் கையெழுத்திட்டார்கள். பாட்டை இணையத்தில் ஏற்றுவதற்கான படிவத்தை நிரப்பியவன் பாடகன். இசை என்ற இடத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்ததாம். தன் பெயரை எழுதினான். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு துணிக்கடை விளம்பரத்தில் அந்தப் பாட்டு வந்தது. பேஸ் பையன் அப்பாவின் கடையில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறான். முதலில் சந்தோஷமாகக் கத்தியிருக்கிறான். கிதார்க்காரனைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் அவனுக்கும் தெரியாது என்று தெரிந்தது. நாலு லட்சம் ரூபாய்க்கு உரிமம் கொடுக்கப்பட்டிருந்தது. நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை இசையமைப்பாளர் என்று பதிவானவனுக்கு அனுப்பியிருந்தது. அவன் அப்போது பெங்களூருவில் வேலைக்குச் சேர்ந்து, குழுவிலிருந்து சொல்லாமல் விலகியிருந்தான்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று மூவரையும் தனித்தனியாகக் கேட்டேன். கட்சிக்காரரை நான் எப்போதும் தனியாகத்தான் கேட்பேன். கூட்டத்தில் எல்லாரும் கோபத்தைத்தான் கேட்பார்கள். கிதார்க்காரன் குழுவின் பெயரைக் கேட்டான். டிரம்ஸ் பெண் கணக்கைக் கேட்டாள். பேஸ் பையன், "பேரு போடணும் சார்" என்றான். பணம்? "அது அப்பாகிட்ட கேளுங்க."

நம் சட்டத்தில் 'இசைக்குழு' என்று ஒன்று கிடையாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்துக்கு ஆக்கியவரைத் தெரியும், நிகழ்த்துகிறவரைத் தெரியும், ஒலிப்பதிவுத் தயாரிப்பாளரைத் தெரியும். 1932 கூட்டாண்மைச் சட்டத்துக்கு லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டாளிகளைத் தெரியும். ஆனால் பதிவு செய்யாத கூட்டாண்மை கூட்டாளிமேல் வழக்குப் போட வந்தால் 69ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். நான்கு நண்பர்கள் ஒரு ஷெட்டில் உட்கார்ந்து, யார் எதைத் தொடங்கினார் யார் எதை முடித்தார் என்று கணக்கில்லாமல் ஒன்றைச் செய்கிறார்களே, அதற்குப் பெயர் என்ன? தேடினால் பதிப்புரிமைச் சட்டம் 2ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவுகளில் ஒன்றில் கிடைக்கிறது: கூட்டுப் படைப்பு. ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கிலிருந்து பிரித்துக் காட்ட முடியாதபடி சேர்ந்து உருவாக்கியது. அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் வழக்கைக் கட்டினேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிட இளையவர், கெட்டிக்காரர். அவர் வாதம் வலுவாகவே இருந்தது. பாட்டின் வரிகள் பாடகன் எழுதியவை. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பாடும் மெட்டும் அவனுடையது. பேஸ் என்பது பக்கவாத்தியம். கச்சேரியில் மிருதங்கக்காரர் எவ்வளவு அழகாக வாசித்தாலும் கீர்த்தனை அவருடையதாகிவிடுமா?

நல்ல கேள்வி. அதற்கு விடை தேடி நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்தேன். கீர்த்தனை மிருதங்கக்காரர் மேடையில் உட்காருவதற்கு முன்பே இருக்கிறது. இந்தப் பாட்டு, அந்த எட்டு சுரங்களுக்கு முன்பு இல்லை. பாடகனுடைய மெட்டின் முதல் பதிவு 2016 செப்டம்பரில். பையனுடைய ஐம்பத்திரண்டு விநாடி ஜூலையில். மெட்டு அந்த எட்டு சுரங்களின் மேல் ஏறி நிற்கிறது, அவை நிற்கும் இடத்தில்தான் மெட்டும் மூச்சு வாங்குகிறது. கிதாரைக் கையில் எடுத்தே பார்க்காத எனக்கு, டிரம்ஸ் பெண் என் மேசையில் இரண்டு பேனாவால் தட்டிக்காட்டி இதைப் புரியவைத்தாள்.

வெளிநாட்டிலும் ஒரு வழக்கு கிடைத்தது. 1967இல் புரோகல் ஹாரம் என்ற ஆங்கிலக் குழு வெளியிட்டு உலகப் புகழ் பெற்ற பாட்டு ஒன்று, ஆர்கன் இசையோடு தொடங்குகிறது. அதை வாசித்தவர் மாத்யூ ஃபிஷர். பாட்டு வந்து ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து வழக்குப் போட்டார். 2006இல் லண்டன் உயர்நீதிமன்றம் இசையில் நாற்பது சதவீதம் அவருடையது என்றது. மேல்முறையீடுகளைத் தாண்டி 2009இல் பிரபுக்கள் சபை அவர் பங்கை உறுதி செய்தது. நாற்பது வருஷம் அந்த மனிதர் அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் என்ன நினைத்திருப்பார்? எங்கள் பையனுக்கு அந்த நாற்பது வருஷம் வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

திருவனந்தபுரத்துக்கு இந்தக் கேள்வி புதிதும் இல்லை. சுவாதித் திருநாள் கிருதிகளில் பலவற்றின் மூல மெட்டு வழக்கொழிந்துபோக, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் புதிதாக மெட்டமைத்து நமக்குக் கொடுத்தார்கள். இன்று குதிரமாளிகையில் ஜனவரி மாதக் கச்சேரியில் நாம் உருகிக் கேட்பது மகாராஜாவின் சாகித்தியத்தோடு இந்த இருவரின் கையும் சேர்ந்ததுதான். ரசிகர்கள் அதை மறப்பதில்லை. பாட்டில் யார் கை எங்கே இருக்கிறது என்று சொல்வது இங்கே பழைய மரியாதை.

இதில் இன்னொரு விஷயம் என்னை மிகவும் நெகிழவைத்தது. 1994 வரை நம் சட்டத்தில் 'இசைப் படைப்பு' என்றால் எழுதப்பட்டோ அச்சிடப்பட்டோ இருக்க வேண்டும். காதால் கேட்டு, கையால் தேடி வாசிக்கிறவனுக்கு அங்கே இடமே இல்லை. பாடகர்களின் கதியும் அதுதான். 1977இல் திரைப்பாட்டு உரிமை பற்றிய வழக்கில் உச்சநீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், தீர்ப்போடு தனியாக ஒரு குறிப்பு சேர்த்தார். இசையமைத்தவருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, பாடி உயிர் கொடுப்பவருக்குக் கொடுக்கவில்லையே என்று நாடாளுமன்றத்துக்குச் சுட்டிக்காட்டினார். தலைச்சேரியில் வக்கீலாக இருந்தவர், 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் இருந்தவர். 1994 திருத்தத்தில் எழுத்து வடிவம் வேண்டும் என்ற நிபந்தனை போனது, நிகழ்த்துகிறவர் உரிமையும் வந்தது. சுரம் எழுதத் தெரியாத ஒரு பதினாறு வயதுப் பையன் மழை இரவில் கைபேசியில் பதிந்தது சட்டத்தின் கண்ணில் படைப்பாக நிற்கிறதென்றால், அந்த ஒரு திருத்தத்தால்தான்.

ஆனால் கைபேசிப் பதிவைச் சாட்சியமாக்க வேண்டும். அதற்கும் நம் ஊர் வழக்கே வழிகாட்டி. 2011 சட்டசபைத் தேர்தலில் ஏறநாடு தொகுதி பற்றி அன்வருக்கும் பஷீருக்கும் நடந்த வழக்கில், தேர்தல் பிரசாரப் பாட்டும் பேச்சும் அடங்கிய குறுந்தகடுகளை உச்சநீதிமன்றம் 2014இல் ஏற்க மறுத்தது. காரணம், அன்றைய சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி சான்றிதழ் இல்லை. அந்தத் தீர்ப்பை நினைவில் வைத்து, எந்தக் கைபேசி, யார் வசம் இருந்தது, எப்படிப் படி எடுக்கப்பட்டது என்று பையனைக் கொண்டு வரிவரியாகச் சான்றிதழ் எழுதவைத்தேன். திரையில் விரிசல் விழுந்த பழைய கைபேசி. புதிது வாங்கிய பிறகும் அதைத் தூக்கிப் போடாமல் அம்மா சமையலறையில் பாட்டுக் கேட்க வைத்திருந்தார்கள். அந்த அம்மா மட்டும் அதை மாற்றிக்கொண்டிருந்தால் வழக்கு பாதி போயிருக்கும்.

நிறுவனத்தின் ஒப்பந்தம் மிஞ்சியது. 'இதுவரை செய்த, இனிச் செய்யப்போகும் எல்லாப் பாடல்களும்' என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் பக்கத்தை மூன்றாம் முறை புரட்டும்போதுதான் தேதியைப் பார்த்தேன். 2017 மே. பையனின் பிறந்த தேதி கேட்டேன். 1999 நவம்பர்.

பதினேழரை வயது!

1903இல் பிரிவி கவுன்சில் மோகரி பீபி வழக்கில் சொன்னது சட்டக் கல்லூரி முதலாண்டுப் பாடம்: வயது வராதவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. மற்ற மூவரின் கையெழுத்து செல்லும். ஆனால் பாட்டு கூட்டுப் படைப்பு என்றால், ஒரு கூட்டு உரிமையாளரின் சம்மதமில்லாமல் மற்றவர்கள் உரிமம் கொடுக்க முடியாது என்று வாதிட எனக்கு வழி திறந்தது. அந்த நிறுவனத்தில் யாரும் வயதைக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கோ அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. மேடையில் அவன் அவர்களில் ஒருவன், அவ்வளவுதான்.

2019 தொடக்கத்தில் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். நிறுவனம் கொச்சியில், பாடகன் பெங்களூருவில். ஆனால் 62ஆம் பிரிவின்படி வாதி வசிக்கும் இடத்திலேயே பதிப்புரிமை வழக்குப் போடலாம். அந்தப் பிரிவு எவ்வளவு பெரிய துணை என்பது 2022இல் எல்லாருக்கும் தெரியவந்தது. 'காந்தாரா' படத்தின் 'வராஹ ரூபம்' பாட்டு தங்கள் 'நவரசம்' பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று தைக்கூடம் பிரிட்ஜ் கோழிக்கோட்டில் வழக்குப் போட்டது. அக்டோபர் இறுதியில் இடைக்காலத் தடை கிடைத்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, இந்த வழக்கு தன் எல்லைக்குள் வராது என்று அந்த நீதிமன்றமே திருப்பிக் கொடுத்துவிட்டது. பாட்டின் நியாய அநியாயத்துக்குப் போவதற்கு முன்பே எந்த ஊர் வாசலைத் தட்டுவது என்பதில் வழக்கு நின்றுவிடும். அந்தச் செய்தியைப் படித்த அன்று கிதார்க்காரன் என்னைக் கூப்பிட்டு, "சார், நம்மள வஞ்சியூரிலேயே போட வெச்சது அதுக்குத்தானா?" என்று கேட்டான்.

நீதிபதி மனுவைப் படித்துவிட்டு சமரச மையத்துக்கு அனுப்பினார். நான் அதைத்தான் விரும்பினேன். பாடகன் மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் குறுக்கு விசாரணையில் அவனை உடைத்தால் இந்த மூவருக்கும் என்ன கிடைத்துவிடும்? நான்கு பேருக்கும் இருபதை ஒட்டிய வயது.

சமரச அறையில் ஒரு நீள மேசை, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. பாடகன் அப்பாவோடு வந்திருந்தான், மூவரின் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தப் படிவத்தில் ஒரு வரிதான் இருந்தது என்று மறுபடி சொன்னான். வரியும் மெட்டும் என்னுடையதுதானே என்றான். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு நினைவிருந்த வரை பாட்டு அவனிடமிருந்துதான் தொடங்கியிருந்தது.

சமரசர் அனுமதியோடு பதிவைப் போட்டேன். மழை. எட்டு சுரம். தடுமாற்றம். முதல் விசிலின்போதே பாடகன் தலை நிமிர்ந்துவிட்டான். அம்மாவின் குரல் வந்ததும் அவன் முகம் மாறியது. அந்த வீட்டில் எத்தனை இரவு அவன் சாப்பிட்டிருக்கிறான்! மூன்றாவது விசிலுக்குப் பிறகு, யாரும் கேட்காமலே, மெதுவாக மலையாளத்தில், "இதை இவன் எனக்கு அனுப்பினான். நான் கேட்டுக்கொண்டே தூங்கினேன். காலையில் எழுந்து எழுதினேன்" என்றான். அவன் அப்பா அவன் கையைப் பிடித்து அழுத்தினார், மேலே பேசாதே என்பதுபோல. அவன் பேசி முடித்திருந்தான்.

பிறகு நடந்தது எழுத்து வேலை. வரிகளின் உரிமை முழுக்கப் பாடகனுக்கு. அதில் எங்கள் தரப்பு ஒரு பைசா கேட்கவில்லை, கேட்டிருந்தால் அது தவறு. இசை நால்வருக்கும் சமமாக. இணையத்தில் பாட்டு இருக்கும் எல்லா இடத்திலும் நான்கு பெயரும் முப்பது நாளுக்குள் வர வேண்டும். விளம்பரப் பணத்தில் மூவரின் பங்கு இரண்டு தவணையில். குழுவின் பெயர் மூவருக்கு; பாடகன் இந்தப் பாட்டை எந்த மேடையிலும் பாடலாம். நிறுவனம் பழைய ஒப்பந்தத்தைக் கைவிட்டு, இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ஐந்து வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் போட்டது. இந்த நால்வரும் மறுபடி சேரவில்லை. சேருவார்கள் என்று நான் ஆசைப்பட்டேன், நடக்கவில்லை. மூவர் குழு வேறொரு பாடகியோடு மானவீயம் வீதியில் வாசித்தபோது நான் போயிருந்தேன். அந்தப் பாட்டை அன்று வாசிக்கவில்லை.

2019 ஆகஸ்டில் சமரச மனுவில் கையெழுத்து. முதலில் பாடகன், பிறகு கிதார்க்காரன், பிறகு டிரம்ஸ் பெண். பேஸ் பையன் கடைசி. நிதானமாகத் தமிழில் கையெழுத்திட்டுவிட்டு, பேனாவை மூடாமல் ஒரு கணம் யோசித்தான். யாரும் சொல்லாமலே கையெழுத்துக்குக் கீழே எழுதினான்: வயது 19. காகிதத்தைத் திருப்பி பாடகன் பக்கம் நகர்த்தினான். அவன் அதைப் பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி, தன் கையெழுத்துக்குக் கீழே எழுதினான்: வயது 23.